பிங்கிக்கு ஜன்னல் வேண்டும்

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் எதிர் ஃபிளாட் புவனா. கையில் ஈரத்துண்டு சுற்றிய ஏதோ ஒன்று. பிரசவ வார்டிலிருந்து நர்ஸம்மா வெளியே வருவாரே... அதே பிடி, அதே பதற்றம்.

எனக்குப் பக்கென்றது. குழந்தையா? யாருடையது?

"அக்கா, ஒரு ஹெல்ப். நாங்க மூணாறு போறோம். வர்ற வரைக்கும் பிங்கியைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

துண்டை விலக்கினாள். உள்ளே ஒரு செடி.

கலாத்தியா என்று பெயராம். ஆன்லைனில் வாங்கியது. அட்டைப் பெட்டிக்குள் சுருண்டு வந்து சேர்ந்த அன்றைக்கே அதற்கு 'பிங்கி' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இலையைப் பார்த்தால் நீங்களும் அசந்துதான் போவீர்கள். கரும்பச்சையில் ரோஸ் பெயின்ட்டை விரலால் தொட்டு யாரோ இழுத்துவிட்ட மாதிரி கோடுகள். திருப்பினால் அடிப்பக்கம் கத்தரிக்காய் நிறம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அழகானவர்கள் படுத்துகிற பாடு இருக்கிறதே...

புவனா ஆரம்பித்தாள்.

"நேர் வெயில் படக் கூடாதுக்கா. அதுக்குன்னு இருட்டுலயும் வெக்கக் கூடாது. ஃபேன் காத்து மேல பட்டா இலை சுருண்டுடும். போர் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, உப்பு ஜாஸ்தி. கேன் தண்ணிதான். அதையும் முந்தின நாளே புடிச்சு வெச்சுடணும். காத்துல ஈரம் கம்மியாச்சுன்னா ஓரமெல்லாம் கருகிடும். அதனால இந்த மிஷினைப் பக்கத்துலயே ஓட விட்ருங்க."

மிஷின் என்று அவள் நீட்டியது சொம்பு சைஸில் ஒரு வெள்ளை டப்பா. தண்ணீர் ஊற்றி சுவிட்ச் போட்டால் குளிர்ந்த புகை வருகிறது. சாம்பிராணி மாதிரியே இருக்கும், வாசனைதான் இருக்காது.

என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை கண்டிஷன் போடவில்லை.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நாங்கள் இருப்பது திருவண்ணாமலையில். எங்கள் ஊரில் சாமியே நெருப்பாகத்தான் நிற்கிறார். மே மாதத்தில் கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் நடந்தவர்களைக் கேளுங்கள், பாதத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு, எந்நேரமும் அடைமழைக் காட்டில் இருப்பது போன்ற ஈரக்காற்று வேண்டும் என்று அடம்பிடிக்கிற செடியை வரவழைக்கச் சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை. ரீல்ஸில் வந்தது. ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பெண், வெள்ளைச் சுவருக்கு முன்னால் இந்தச் செடியோடு சிரித்தாள். இங்கே எங்கள் ஏரியா வேங்கிக்காலில் ஒரு குடும்பத்தில் ஃபேன் நின்றுபோனது.

சரி, கதைக்கு வருகிறேன். பிங்கியை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"அத்தையும் மூணாறு வர்றாங்களா?"

"அவங்களுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கே, எப்படிக்கா வருவாங்க? வீட்லயே இருக்கட்டும். மெஸ்ல சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு."

"தனியாவா?"

"அவங்களே சமாளிச்சுப்பாங்கக்கா. பிங்கிதான் தனியா இருக்காது."

கவனித்தீர்களா? நானும் கவனித்தேன். ஆனால் அதற்குள் அவள் மிஷினை என் கையில் திணித்துவிட்டு லிஃப்ட்டுக்குள் போயிருந்தாள்.

புவனாவின் அத்தை, அதாவது மாமியார், கனகா. எங்கள் எல்லோருக்கும் கனகாம்மா. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக்காரர். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் காதில் விழ வேண்டும் என்றே பழக்கப்படுத்திய குரல். எங்கள் மாடியில் அவர் 'சரவணா' என்று மகனைக் கூப்பிட்டால் கீழே பார்க்கிங்கில் இன்னொரு சரவணன் திரும்பிப் பார்ப்பார். கணவர் இறந்த பிறகும் ஊரில் தனியாகத்தான் இருந்தார். முட்டி ஆபரேஷன் ஆனதும் மகன் இங்கே அழைத்து வந்துவிட்டான்.

இரண்டாவது மாடி வீடு. லிஃப்ட்டுக்கு மனசு வந்தால்தான் ஓடும். கனகாம்மாவால் நினைத்தபோது கீழே இறங்க முடியாது. ஆனால் அவர்கள் ஹாலில் ஒரு கிழக்கு ஜன்னல் உண்டு. அதன் பக்கத்தில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் ரோடு முழுக்கத் தெரியும். அதுதான் அவருடைய ஆபீஸ். கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போகிற கும்பல், பௌர்ணமிக்கு வந்து நிற்கிற வெளியூர் பஸ்கள், ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போய் போலீஸைப் பார்த்ததும் தலைக்கு மாற்றுகிற இளவட்டங்கள். எதுவும் தப்பாது. காய்கறி வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, "இன்னிக்கு முருங்கைக்கா வாங்காதம்மா, முத்தல்" என்று எனக்கு அறிவிப்பு வந்துவிடும்.

அந்த ஜன்னலுக்குத்தான் பிங்கி வந்தாள்.

வீட்டில் நேர் வெயில் இல்லாத வெளிச்சம் அந்த ஒரு இடத்தில்தானாம். மெல்லிய திரையை இழுத்துவிட்டால் கச்சிதமாம். சரவணன் மொபைலில் ஏதோ ஒரு ஆப்பை வைத்து வீடு முழுக்க வெளிச்சத்தை அளந்து பார்த்துச் சொன்னான். சாஃப்ட்வேர் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறான். அளக்கிற ஆள். பிங்கி ஜன்னலுக்கு வந்தாள், பிரம்பு நாற்காலி உள் ரூமுக்குப் போனது. அந்த ரூமிலும் ஜன்னல் இருக்கிறது. திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவரும் நாலு பைப்பும் தெரியும்.

கனகாம்மா சண்டை போடவில்லை. "செடி பாவம், அதுக்குப் பேசத் தெரியாது" என்று எழுந்து போனார். ஆனாலும் சும்மா இருக்கிற ஆளா? ஒரு நாள் மருமகளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று பிங்கியின் இலைகளுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார், பளபளவென்று இருக்கட்டுமே என்று. புவனா வேலையிலிருந்து வந்து பார்த்து அலறிய அலறலில் நானே கரண்டியோடு ஓடினேன். அன்றிலிருந்து பிங்கியை அவர் தொடக் கூடாது என்று உத்தரவு. சொந்த வீட்டிலேயே இருக்கிற ஆளை நம்பாமல் செடி என் வீட்டுக்கு வந்ததற்கு இதுதான் காரணம்.

மூணாறுக்கு அவர்கள் கிளம்பிய அன்றே கனகாம்மா வாக்கரைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எங்க வீட்டு மகாராணி எப்படி இருக்கா, பாக்கலாம்னு வந்தேன்."

என் வீட்டிலும் கிழக்கு ஜன்னல் உண்டு. பிங்கியை டீப்பாய் மேல் வைத்து, ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். ரோட்டைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்... எந்த ஆப்பும் அதை அளக்காது.

"அட, பேக்கரிக்காரன் போர்டை மாத்திட்டானா? எப்ப?"

"ஒரு மாசம் இருக்குமே கனகாம்மா."

"ஓ" என்றார்.

அப்புறம் தினமும் வந்தார். மெஸ் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு எங்களோடு சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் ஃபேன் இல்லாமல் வியர்த்து வழிந்தபடி பேப்பர் படிப்பதைப் பார்த்து, "ஏன் சார், உங்களுக்கும் ஓரம் கருகிடும் போல இருக்கே" என்றார். பிங்கிக்கு இன்னொரு வினோதப் பழக்கம். சாயங்காலமானால் இலைகளை மேலே தூக்கிச் சேர்த்துக்கொள்ளும். இரண்டு கையையும் கூப்பினாற்போலவே இருக்கும். இந்த ஊரில் இருந்துகொண்டு புவனா சும்மா விடுவாளா? பிங்கி அண்ணாமலையாரைக் கும்பிடுகிறாள் என்று வீடியோ எடுத்துப் போட்டிருந்தாள். பின்னணியில் சங்கு, மணி எல்லாம் சேர்த்து.

கனகாம்மா அதை நேரில் கவனித்துவிட்டுச் சொன்னார்.

"மலை இருக்கறது அந்தப் பக்கம். இது கலெக்டர் ஆபீசைப் பாத்துக் கும்பிடுது. ஏதோ மனு குடுக்க வந்த செடி போல."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

தினமும் சாயங்காலம் மூணாறிலிருந்து வீடியோ கால் வரும். பிங்கியைக் காட்ட வேண்டும். மண்ணைத் தொட்டுக் காட்ட வேண்டும். புது இலை குழல் மாதிரி சுருண்டு வருகிறதா என்று கேமராவைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். பின்னால் தேயிலைத் தோட்டம், பனி, ஸ்வெட்டர்... அங்கே குளிர்ந்து நடுங்கிக்கொண்டு இங்கே செடிக்கு ஈரம் போதுமா என்று கேட்பார்கள். "அம்மா எப்படி இருக்காங்க?" என்றும் கேட்பார்கள். இல்லை என்று சொல்லக் கூடாது. கடைசியில், கட் பண்ணுவதற்கு முன்னால், டாட்டாவுக்குப் பக்கத்தில்.

அவர்கள் திரும்புவதற்கு முந்தைய நாள். கனகாம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பிங்கி. கால் வந்தது. சரவணன். கேமராவைத் திருப்பினேன். அம்மா முகமும் செடியும் சேர்ந்து தெரிகிற மாதிரிதான் காட்டினேன், கொஞ்சம் வேண்டுமென்றேதான்.

"அம்மா, நீ அங்கயா இருக்க?"

"ஆமாண்டா. நல்லா இருக்கீங்களா? குளிர்ல காதை மூடிக்கோ, உனக்கு ஒத்துக்காது..."

"சரிம்மா. கொஞ்சம் தள்ளிக்கோயேன். பின்னாடி இருக்கற இலை தெரியல."

கனகாம்மா தள்ளிக்கொண்டார். நாற்காலியோடு சேர்த்து, வலிக்கிற முட்டியை ஒரு கையால் பிடித்தபடி.

"ஆங், இப்பத் தெரியுது. புவி, இங்க பாரு, புது இலை விரிஞ்சிடுச்சு!"

மூணாறில் ஒரே ஆரவாரம். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் அந்நேரம் ஒன்றுமே இல்லை. கொண்டுவந்து வைத்த காபி அப்படியே ஆடை படிந்துபோய் இருந்தது. எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "உன் போனைக் கொஞ்சம் குடும்மா, என்னுதுல சார்ஜ் இல்ல" என்றார். மனப்பாடமாக ஒரு நம்பரை அழுத்தினார்.

"நூர்ஜஹான்? நான்தான் கனகா. உன் வீட்டு முன்போர்ஷன் இன்னும் காலியாத்தான இருக்கு?... இல்லடி, சும்மா கேட்டேன்."

நூர்ஜஹான், தபால் ஆபீஸில் அவருக்குப் பக்கத்துக் கவுன்ட்டர். செங்கம் ரோட்டில், ஆசிரமம் இருக்கிற பகுதியில் சொந்த வீடு. தியானம் பண்ண வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்பகுதியை வாடகைக்கு விடுவார். வெயில் காலத்தில் அவர்களில் முக்கால்வாசிப் பேர் பறந்துவிடுவார்கள், வீடு காலியாகிவிடும். கனகாம்மாவுக்கு ஆபரேஷன் ஆன நாளிலிருந்து நூர்ஜஹான் 'வந்துடுங்க அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். இவர்தான், பிள்ளை இருக்கும்போது எப்படி என்று தட்டிக்கழித்து வந்திருக்கிறார்.

மறுநாள் அவர்கள் வந்து இறங்கினார்கள். யூகலிப்டஸ் தைலம், ஹோம்மேட் சாக்லேட் சகிதம். நான் பிங்கியைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் கனகாம்மா, ஜன்னல் ஓரத்தில், பிரம்பு நாற்காலியில். வாட்ச்மேனைக் கூப்பிட்டு உள்ளே இருந்ததை வெளியே போடச் சொல்லியிருக்கிறார்.

புவனா செடியைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்.

"அத்தை... அங்க பிங்கியை வெக்கணுமே."

"நான் இங்கதாம்மா உக்காரப் போறேன். அதை உள் ரூம்ல வெச்சுக்க."

"ஐயோ, அந்த ரூம்ல வெளிச்சமும் இல்ல, காத்தும் இல்ல அத்தை. அங்க வெச்சா செத்துடும்!"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சரவணன் பெட்டியின் ஜிப்பை உற்றுப் பார்த்தான். அந்த ஜிப்பில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. நான் தொட்டியை வைத்துக்கொண்டு நடுஹாலில் நிற்கிறேன், இறக்கி வைக்க இடம் தெரியாமல்.

கனகாம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். ரொம்ப நாள் தேடிக் கிடைக்காத முகவரி கிடைத்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

"அதாம்மா நானும் யோசிச்சுட்டு இருந்தேன்" என்றார்.

இரண்டு நாளில் கிளம்பிவிட்டார். சரவணன் கெஞ்சினான், கண் கலங்கினான், எல்லாம் உண்மைதான். ஆனால் கெஞ்சுகிற வரிசையில் முதலில் வந்தது, "ஊர்ல என்னம்மா சொல்லுவாங்க? பெத்தவளைத் துரத்திட்டான்னு பேசுவாங்கம்மா" என்பது.

"முட்டிக்கு மாடி வீடு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்லிக்கடா. யாரு கேட்டாலும் நானும் அதையேதான் சொல்வேன்" என்றார் கனகாம்மா. மகனுக்கான பொய்யையும் அம்மாவே தயார் செய்து தர வேண்டியிருக்கிறது.

புவனா என் வீட்டுக்கு வந்து அழுதாள். "அக்கா, நான் அத்தையை நினைச்சு அப்படிச் சொல்லலக்கா. சத்தியமா."

தெரியும். நினைக்கவில்லை. அதுதானே விஷயமே! அவள் கெட்டவள் இல்லை. நாளெல்லாம் வேலையில் யார் யாரிடமோ திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வருகிறவள். எதிர்த்துப் பேசாத ஒரு ஜீவன் வீட்டில் இருந்தால் ஆசையாகத்தான் இருக்கும். அந்த ஜீவனுக்கு என்ன தண்ணீர் பிடிக்கும், எந்த வெளிச்சம் ஆகும், எப்போது சுருண்டுபோகும் என்று தேடித் தேடிப் படித்து வைத்திருக்கிறாள். மாமியாருக்கு ஜன்னல் வேண்டும் என்பது எந்த வீடியோவிலும் வரவில்லை. வந்திருந்தால் அவளே லைக் போட்டு நாலு பேருக்கு அனுப்பியிருப்பாள்.

இதை அவளிடம் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தேன். போர் தண்ணீர்தான். குடித்துவிட்டுப் போனாள்.

போன வாரம் ஒரு நாள் காலையில் நான் செங்கம் ரோட்டுக்குப் போயிருந்தேன். நூர்ஜஹான் வீட்டு முன்பகுதி. தரைத்தளம், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். பிரம்பு நாற்காலி அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு பேரும் டீ கிளாஸோடு உட்கார்ந்து, வெறுங்காலோடு போகிற வெள்ளைக்காரர்களில் யார் புதுசு, யார் பழசு என்று பாதத்தை வைத்தே சொல்கிறார்கள். கனகாம்மாவின் குரலுக்கு அங்கே இரண்டு ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடிப்பதையே நிறுத்திவிட்டார்களாம்.

"சரவணன் வர்றானா?" என்று கேட்டேன்.

"வாரா வாரம் வந்துடறான். வாசல்லயே 'சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா'ன்னு கேட்டுக்கிட்டேதான் உள்ள வர்றான். அங்க இருந்த வரைக்கும் ஒரே வீடு... ஒரு நாள் கேட்டதில்ல. தூரத்துல இருந்தாத்தான் நான் தெரியறேன் போல."

நூர்ஜஹான் டீயை ஆற்றிக்கொண்டே குறுக்கே வந்தார். "நேத்து வந்தப்ப வெறுங்கையோட வரல, கேளுங்க."

"ஆமா" என்றார் கனகாம்மா. "அவங்க வீட்டுச் செடி குட்டி போட்டிருக்காம். ஒரு தொட்டியில தனியா வெச்சு, ரிப்பன் எல்லாம் கட்டி எடுத்துட்டு வந்தான். 'உனக்குத் துணைக்கு இருக்கட்டும்மா'ன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னலைப் பார்த்தேன். செடி இல்லை. ரூம் முழுக்கக் கண்ணால் துழாவினேன். எங்கேயும் இல்லை.

"எங்க அது?"

"வாசல்ல வெச்சிருக்கேன், கேட்டுக்கு வெளிய."

"வெளியவா? அதுக்கு வெயில் ஆகாதே கனகாம்மா!"

கனகாம்மா டீயை ஒரு வாய் குடித்தார். நிதானமாகத் தெருவைப் பார்த்தார்.

"வெயில் வர்றதுக்குள்ள ஆடு வந்துடும்மா."